ஒரு லட்சம் அபராதமா, 14 ஆண்டு சிறையா? ராணுவ வேலிக்கு மேலே பறக்கும் ட்ரோன்

சூலூர்ப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம் என்று வைத்துக்கொள்வோம். காலை ஆறரை மணி முகூர்த்தம். வீடியோ எடுக்க வந்த பையன் வாசலில் குவிந்திருக்கும் செருப்புகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, பெட்டியைத் திறந்து உள்ளங்கை அளவு ட்ரோன் ஒன்றை வெளியே எடுக்கிறான். மடங்கியிருந்த நான்கு கைகளையும் விரித்துத் தரையில் வைக்கிறான். எடை 249 கிராம். 250 கிராமுக்குள் இருந்தால் பைலட் சான்றிதழ் தேவையில்லை என்று சொல்லித்தான் கடையில் விற்றார்கள். அது உண்மையும்கூட. ட்ரோன் 60 மீட்டர் உயரத்துக்குப் போகிறது. வாழைமரம் கட்டிய வாசல், வரிசையாக வந்து நிற்கும் கார்கள், நாதஸ்வரக்காரர்கள், பட்டுப்புடவைக் கூட்டம் எல்லாம் அழகாக விழுகின்றன. படத்தின் மேல் ஓரத்தில், தென்னந்தோப்புக்கு அந்தப் பக்கம், சாம்பல் நிறத்தில் நீளமாக ஒரு கோடு. அது விமானப்படைத் தளத்தின் ஓடுபாதை.

அந்தப் பையன் செய்தது என்ன குற்றம்? இதற்கு இந்தியச் சட்டத்தில் இரண்டு பதில்கள் இருக்கின்றன. 2021 ட்ரோன் விதிகளின்படி அதிகபட்சம் ஒரு லட்சம் ரூபாய் அபராதம். 1923-ஆம் ஆண்டின் அலுவல்சார் ரகசியங்கள் சட்டத்தின்படி 14 ஆண்டு சிறைவரை போகலாம். பறந்தது அதே ட்ரோன், அதே இரண்டு நிமிடம். இவ்வளவு பெரிய இடைவெளி எப்படி வந்தது என்று பார்த்தால், ராணுவத் தளங்களுக்கு மேலே ட்ரோனைத் தடுக்கும் சட்டங்கள் உண்மையில் என்ன வேலை செய்கின்றன என்பதும் கூடவே புரியும்.

முதலில் லேசான சட்டம். 2021 ஆகஸ்ட் 25 அன்று வெளியான ட்ரோன் விதிகள் நாட்டின் வானத்தை மூன்று நிறமாகப் பிரித்தன. பச்சை என்றால் தரையிலிருந்து 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை யாரையும் கேட்காமல் பறக்கலாம். மஞ்சள் என்றால் விமானக் கட்டுப்பாட்டு அதிகாரிகளின் அனுமதி வேண்டும். விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 5 முதல் 8 கிலோமீட்டர் வரை மஞ்சள், 8 முதல் 12 வரை 200 அடிக்கு மேல் போனால் மஞ்சள். சிவப்பு என்றால் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் ட்ரோன் எழும்பவே கூடாது. ராணுவத் தளங்கள் இந்தச் சிவப்பில்தான் வருகின்றன. அதே ஆண்டு செப்டம்பரில் வெளியான வான்வெளி வரைபடத்தில் நாட்டின் பரப்பில் ஏறக்குறைய 90 சதவீதம் பச்சையாக இருந்தது. மிச்சம் பத்தில்தான் வம்பு.

சிவப்பு மண்டலத்தில் எடைக்குச் சலுகை கிடையாது. 249 கிராம் என்பதால் பைலட் சான்றிதழிலிருந்து தப்பலாமே தவிர, மண்டலத்திலிருந்து தப்ப முடியாது. கடைக்காரர் இந்த இரண்டாவது பாதியைச் சொல்வதில்லை. உயரத்துக்கும் சலுகை இல்லை. தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 ஜனவரியில் அங்கே சுகோய்-30 படைப்பிரிவு ஒன்று நிறுவப்பட்டது. ஊரோ நெல் ஊர். ட்ரோன் வைத்து மருந்து அடிப்பது இப்போது டெல்டாவில் புதுசில்லை; 15,000 மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு ட்ரோன் தருவதற்கென்றே 2023-இல் மத்திய அரசு ஒரு திட்டம் போட்டது. பயிருக்கு மேலே இரண்டு ஆள் உயரத்தில் போய்க்கொண்டிருக்கும் மருந்து ட்ரோனுக்கும், ஓடுபாதையை எட்டிப்பார்க்கும் கேமரா ட்ரோனுக்கும் சிவப்பு மண்டலத்துக்குள் ஒரே விதிதான். வயல் சிவப்பில் விழுந்துவிட்டால் அந்த விவசாயிக்குக் கைத்தெளிப்பான்தான் கதி.

இந்த நிலைக்கு நாம் வந்த பாதை நேரானதல்ல. 2014 அக்டோபர் 7 அன்று விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ ஒரு பொது அறிவிப்பு போட்டது: விதிமுறை வரும்வரை தனியார் யாரும் ட்ரோன் பறக்கவிடக் கூடாது. ஒரே வரியில் எல்லாவற்றுக்கும் பூட்டு. நான்கு ஆண்டு கழித்து, 2018 டிசம்பரில், முதல் விதிமுறை அமலுக்கு வந்தது. அதில் எல்லாம் கிலோமீட்டர் கணக்கு. ராணுவ வளாகத்தின் சுற்றுச்சுவரிலிருந்து 3 கி.மீ., சர்வதேச எல்லையிலிருந்து 25 கி.மீ., மாநிலத் தலைமைச் செயலகத்திலிருந்து 3 கி.மீ., டெல்லி விஜய் சௌக்கிலிருந்து 5 கி.மீ. என்று வட்டம் வட்டமாகப் போட்டிருந்தார்கள். சென்னையைப் பொறுத்தவரை இதில் ஒரு வேடிக்கை உண்டு. தலைமைச் செயலகம் இருப்பதே புனித ஜார்ஜ் கோட்டைக்குள். ராணுவமும் அதே கோட்டையில் இருக்கிறது. இரண்டு வட்டமும் ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன.

2021 மார்ச்சில் இன்னொரு விதித் தொகுப்பு வந்தது. 25 படிவங்கள், 72 வகைக் கட்டணங்கள். ட்ரோன் தயாரிக்க நினைத்தவர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். அது வந்து மூன்றரை மாதம்கூட ஆகவில்லை, ஜம்மு நடந்தது.

2021 ஜூன் 27, பின்னிரவு ஒன்றே முக்கால் மணிவாக்கில் ஜம்மு விமானப்படை நிலையத்தில் சில நிமிட இடைவெளியில் இரண்டு வெடிப்புகள். ஒன்று ஒரு கட்டடத்தின் கூரையைச் சேதப்படுத்தியது, மற்றொன்று திறந்த வெளியில் விழுந்தது. விமானப்படையைச் சேர்ந்த இருவருக்கு லேசான காயம். சேதம் என்று பார்த்தால் பெரிதில்லை. ஆனால் வெடிகுண்டைச் சுமந்து வந்தவை ட்ரோன்கள், இந்தியாவின் ராணுவத் தளம் ஒன்றில் அப்படி நடப்பது அதுதான் முதல் முறை. எல்லையிலிருந்து சுமார் 14 கிலோமீட்டர். போர் விமானம் வந்திருந்தால் அது கிளம்பும்போதே ரேடாரில் தெரிந்திருக்கும்.

அடுத்த சில வாரங்களில் நாடு முழுக்கத் தடை அறிவிப்புகள் வந்தன. ஜம்மு காஷ்மீரில் மாவட்ட நிர்வாகங்கள் ட்ரோனை விற்பதற்கும் வைத்திருப்பதற்கும்கூடத் தடை போட்டன. கொச்சி, மும்பை, கோவா என்று கடற்படைத் தளங்களைச் சுற்றி 3 கிலோமீட்டருக்குள் பறந்தால் சுட்டு வீழ்த்துவோம், பறிமுதல் செய்வோம் என்று கடற்படை அறிவித்தது. இந்தச் சூழலில் மத்திய அரசு என்ன செய்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஜூலை 14 அன்று விதிகளைத் தளர்த்தி ஒரு வரைவை வெளியிட்டது! ஆகஸ்டில் அது சட்டமாயிற்று. 25 படிவங்கள் 5 ஆயின, 72 கட்டணங்கள் 4 ஆயின, அபராதத்துக்கு ஒரு லட்சம் என்று உச்சவரம்பு வந்தது.

குண்டு விழுந்த பிறகு விதியைத் தளர்த்துவது முதல் பார்வையில் கிறுக்குத்தனமாகத் தெரியும். யோசித்தால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஜம்முவுக்கு ட்ரோன் அனுப்பியவர்கள் எந்தப் படிவத்தையும் நிரப்பவில்லை. 25 இருந்தாலும் 250 இருந்தாலும் நிரப்பியிருக்க மாட்டார்கள். படிவத்தால் அவதிப்பட்டது கல்யாண வீடியோக்காரரும், நில அளவை செய்பவரும், கல்லூரியில் ட்ரோன் கட்டிப் பார்க்கும் மாணவர்களும்தான்.

அப்படியானால் சிவப்பு மண்டலமும் வீண்தானே, குண்டு போட வருகிறவன் வரைபடத்தைப் பார்த்தா வரப்போகிறான் என்று கேட்கலாம். இங்கேதான் இந்தச் சட்டத்தைப் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. ஊரடங்கு உத்தரவு போட்டால் திருடன் வீட்டில் உட்கார்ந்துகொள்வான் என்று எந்தப் போலீஸ்காரரும் நம்புவதில்லை. மற்ற எல்லாரும் உள்ளே போய்விட்டால், தெருவில் நடக்கிற ஒருவனை நிறுத்தி "எங்கே போறே?" என்று கேட்க முடியும். சிவப்பு மண்டலம் என்பது வானத்துக்குப் போட்ட ஊரடங்கு. நல்லவர்கள் விலகிப்போனால்தான் வேலிக்குள் நிற்கும் காவலருக்கு, திரையில் தெரியும் ஒற்றைப் புள்ளி சந்தேகத்துக்குரிய புள்ளியாகிறது. அக்கம்பக்கத்தில் பத்து ட்ரோன் எப்போதும் சுற்றிக்கொண்டிருந்தால் பதினொன்றாவது எது என்று யாருக்குத் தெரியும்?

அதுவும் ட்ரோனைக் கண்டுபிடிப்பதே கஷ்டம் எனும்போது இந்தக் காலி வானம் இன்னும் முக்கியமாகிறது. வழக்கமான வான் பாதுகாப்பு ரேடார், மெதுவாகப் போகும் சின்னப் பொருள்களை வேண்டுமென்றே கழித்துவிடும். இல்லாவிட்டால் ஒவ்வொரு பருந்துக்கும் சைரன் அடிக்க வேண்டியிருக்கும். ட்ரோன் பருந்தைப் போலத்தான் ரேடாருக்குத் தெரிகிறது. ரிமோட்டுக்கும் ட்ரோனுக்கும் இடையே ஓடும் ரேடியோ அலையை மோப்பம் பிடிக்கும் கருவிகள் இருக்கின்றன. ஆனால் முன்கூட்டியே பாதை போட்டுக் கொடுத்து அனுப்பிய ட்ரோனில் மோப்பம் பிடிக்க ஒன்றும் இருக்காது. அதனால் கடைசியில் பல இடங்களில் கண்ணும் காதும்தான்.

இன்னொரு கேள்வியும் அடிக்கடி வருகிறது. செயற்கைக்கோள் படத்தில் சூலூர் ஓடுபாதையைச் செல்போனிலேயே பெரிதாக்கிப் பார்க்கலாமே, ட்ரோன் எடுத்தால் மட்டும் என்ன ரகசியம் போய்விடும்? நியாயமான கேள்வி. செயற்கைக்கோள் பெரும்பாலும் மேலிருந்துதான் பார்க்கிறது. அது எப்போது தலைக்கு மேலே வரும் என்று கணக்குப் போட முடியும். மறைக்க வேண்டியதை அந்த நேரத்தில் கொட்டகைக்குள் தள்ளிவிடலாம். ட்ரோன் பக்கவாட்டில் பார்க்கும். கொட்டகைக்குள் எத்தனை விமானம் நிற்கிறது, இறக்கைக்கு அடியில் என்ன மாட்டியிருக்கிறது, காவலர்கள் எத்தனை மணிக்கு மாறுகிறார்கள், எந்த மூலையில் விளக்கு எரியவில்லை என்பதெல்லாம் பக்கவாட்டில்தான் தெரியும். திங்கட்கிழமை ஒன்று, புதன்கிழமை ஒன்று, அடுத்த திங்கள் ஒன்று என்று எடுத்து வைத்தால் அந்தத் தளத்தின் தினசரி வாழ்க்கையே கையில் வந்துவிடும்.

இதனால்தான் கனமான சட்டம் உள்ளே வருகிறது. அலுவல்சார் ரகசியங்கள் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, தடைசெய்யப்பட்ட இடத்தை நெருங்குவது, நோட்டமிடுவது, அதன் அருகில் இருப்பது, நுழைவது ஆகியவற்றோடு "மேலாகக் கடப்பது" என்பதையும் சேர்த்தே சொல்கிறது. 1923-இல் எழுதியது. இந்திய விமானப்படையே 1932 அக்டோபரில்தான் பிறந்தது. அதற்கு ஒன்பது ஆண்டு முன்பே ஒரு பிரிட்டிஷ் வரைவாளர் எழுதிவைத்த அந்தச் சொல், இன்று உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் பொம்மைக்கு அப்படியே பொருந்துகிறது. படைத் தளம், ஆயுதக் கிடங்கு, தொழிற்சாலை, கப்பல்கட்டும் தளம் போன்றவை சம்பந்தப்பட்டிருந்தால் 14 ஆண்டுவரை சிறை, மற்றவற்றுக்கு 3 ஆண்டு.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. நாட்டின் பாதுகாப்புக்கோ நலனுக்கோ கேடு செய்யும் நோக்கம் இருக்க வேண்டும். கல்யாண வீடியோ எடுத்தவனுக்கு அந்த நோக்கம் ஏது என்று நிம்மதிப் பெருமூச்சு விடுவதற்குள், அதே பிரிவின் அடுத்த உட்பிரிவைப் படிக்க வேண்டும். கேடு செய்யும் நோக்கத்தைக் காட்டும் குறிப்பிட்ட செயல் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. சூழ்நிலை, அந்த நபரின் நடத்தை, தெரிந்த குணம் ஆகியவற்றிலிருந்து அப்படித் தோன்றினாலே போதும் என்கிறது அது. தோன்றுவது என்றால் யாருக்குத் தோன்றுவது? கடைசியில் நீதிபதிக்குத்தான். ஆனால் முதலில் அது ஒரு காவல் நிலையத்தில், பதற்றமான ஒரு மாலையில், ட்ரோனின் மெமரி கார்டைக் கையில் வைத்திருக்கும் அதிகாரிக்குத் தோன்ற வேண்டும். ஒரு லட்சத்துக்கும் 14 ஆண்டுக்கும் நடுவே நிற்பது அந்த முதல் ஒரு மணி நேரம். பெயரும் ஊரும் மதமும் அந்த ஒரு மணி நேரத்தில் கணக்கில் வராது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. இந்தச் சட்ட அமைப்பில் எனக்கு உறுத்தும் இடம் இதுதான்.

அமெரிக்காவிலும் ஏறக்குறைய இதே இரட்டை அடுக்குதான். 2017 ஏப்ரலில் அந்நாட்டு விமானப் போக்குவரத்து நிர்வாகம் 133 ராணுவ வளாகங்களுக்கு மேலே 400 அடிவரை ட்ரோனுக்குத் தடை போட்டது. அது புதிய சட்டம். கடித்தது என்னவோ பழைய சட்டம்தான். 2024 ஜனவரியில் வர்ஜீனியா மாநிலத்தில் நியூபோர்ட் நியூஸ் கப்பல்கட்டும் தளத்தருகே, சீன நாட்டு மாணவர் ஒருவரின் ட்ரோன் ஒரு மரத்தில் போய்ச் சிக்கிக்கொண்டது. விமானந்தாங்கிக் கப்பல்களும் அணுசக்தி நீர்மூழ்கிகளும் உருவாகும் இடம் அது. அவர் பக்கத்து வீட்டுக்காரரிடமே உதவி கேட்டிருக்கிறார். அந்த வீட்டுக்காரர் போலீஸுக்குப் போன் போட்டுவிட்டார். தீயணைப்புத் துறையைக் கூப்பிட்டுக்கொண்டு இங்கேயே இருங்கள் என்று போலீஸ் சொல்ல, மாணவர் ட்ரோனை மரத்திலேயே விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். ட்ரோனில் இருந்த படங்களில் கடற்படைக் கப்பல்கள் இருந்தன. ராணுவ நிலையங்களை அனுமதியின்றிப் படமெடுப்பதைத் தடுக்கும் சட்டம் 1938-இல் வந்தது. அதன்கீழ் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு 6 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். அவர் உளவாளியா, வெறும் ஆர்வக் கோளாறா என்பது அந்த ஒப்புதலில் தீரவில்லை.

அதற்கு ஒரு மாதம் முன்பு, அதே மாநிலத்தில் லாங்லி விமானப்படைத் தளத்தின் மேல் 17 நாள் ட்ரோன்கள் வந்துபோயின. எஃப்-22 போர் விமானங்களின் வீடு அது. ஒன்றைக்கூட வீழ்த்தவில்லை. உலகத்திலேயே அதிகம் செலவு செய்யும் ராணுவத்துக்குச் சொந்தத் தளத்தின் மேல் ஒரு ட்ரோனை வீழ்த்தத் தெரியாதா? தெரியும்; அனுமதிதான் சிக்கல். அமெரிக்கச் சட்டத்தில் ட்ரோனும் ஒரு "விமானம்". விமானத்தைச் சேதப்படுத்துவது கூட்டாட்சிக் குற்றம். அந்தக் குற்றத்திலிருந்து ராணுவத்துக்கு விலக்குத் தரும் பிரிவு 2016-இன் கடைசியில் வந்தபோது, அணு ஆயுதம், ஏவுகணைத் தடுப்பு, விண்வெளி போன்ற சில பணிகளோடு தொடர்புள்ள தளங்களுக்கு மட்டும்தான் தந்தது. பட்டியல் பின்னால் நீண்டது, ஆனாலும் லாங்லி சம்பவத்தின்போது எல்லாத் தளமும் அதில் இருக்கவில்லை. சுட்டால் குண்டு எங்கே விழும், ரேடியோ அலையைக் குழப்பி ஜாம் செய்தால் பக்கத்து ஊர் வைஃபையும் பயணிகள் விமானத்தின் ஜிபிஎஸ்ஸும் என்ன ஆகும் என்ற கேள்விகளும் சேர்ந்துகொண்டன. சுற்றிலும் ஊர் இருக்கிற தளத்தில் இது சின்னக் கேள்வியில்லை.

ஜப்பான் கதை இன்னும் சுவாரசியம். 2015 ஏப்ரல் 22 அன்று டோக்கியோவில் பிரதமர் அலுவலகத்தின் மொட்டைமாடியில் ஒரு ட்ரோன் கிடந்தது. அதிலிருந்த டப்பாவில் லேசான கதிரியக்கம். இரண்டு மூன்று நாளில், அணுமின் எதிர்ப்பாளர் ஒருவர் தானே போலீஸில் வந்து சரணடைந்தார். ஏப்ரல் 9-ஆம் தேதியே பறக்கவிட்டதாகச் சொன்னார். அதாவது ஏறக்குறைய இரண்டு வாரம் பிரதமரின் தலைக்கு மேலே அது கிடந்திருக்கிறது. மொட்டைமாடிக்கு யாரும் ஏறவில்லை. அடுத்த ஆண்டே முக்கியக் கட்டடங்களுக்கு மேலும் அவற்றைச் சுற்றிச் சுமார் 300 மீட்டருக்கும் தடைச் சட்டம் வந்தது. 2019-இல் அதை, ஜப்பானின் ராணுவமான தற்காப்புப் படையின் தளங்களுக்கும் அங்குள்ள அமெரிக்கத் தளங்களுக்கும் நீட்டினார்கள். உடனே பத்திரிகைகள் கொதித்தன. ஒகினாவாவின் ஹெனோகோவில் மக்கள் எதிர்ப்பையும் மீறி நடந்துகொண்டிருந்த அமெரிக்கத் தளக் கட்டுமானத்தை வெளியுலகம் பார்த்ததே ட்ரோன் படங்களால்தான். பாதுகாப்பு என்ற பெயரில் கேமராவை அப்புறப்படுத்துகிறார்கள் என்பது அவர்கள் வாதம். அதைச் சும்மா ஒதுக்கிவிட முடியாது. வேலிக்குள் நடப்பது எல்லாமே ராணுவ ரகசியமல்ல. மண் கொட்டிக் கடலை நிரப்புவதும் வேலிக்குள்தான் நடக்கும்.

சரி, தடை வேலை செய்ததா? 2024 மார்ச் கடைசியில் சீன வலைத்தளம் ஒன்றில் ஒரு காணொளி வந்தது. யோகோசுகா துறைமுகத்தில் கட்டியிருந்த இசுமோ போர்க்கப்பலின் மேல்தளத்தில், பின்பக்கத்திலிருந்து முன்பக்கம்வரை ஒரு கேமரா சாவகாசமாகப் போய்க்கொண்டிருந்தது. ஜப்பானின் மிகப்பெரிய போர்க்கப்பல்களில் ஒன்று அது. செயற்கை நுண்ணறிவில் உருவாக்கிய போலிப் படம் என்று பலர் சொன்னார்கள். மே மாதம் பாதுகாப்பு அமைச்சகமே, நிஜமாகவே எடுத்ததாக இருக்கும் வாய்ப்பு அதிகம் என்று ஒப்புக்கொண்டது. தன் கப்பலின் மேல் ஒரு ட்ரோன் வந்ததா இல்லையா என்று தெரிந்துகொள்ள ஒரு கடற்படைக்கு ஒரு மாதத்துக்கும் மேல் ஆயிற்று. தடைக்கோடு இருந்தது, கோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண் இல்லை. ஊரடங்கு போட்டுவிட்டு ரோந்துக்கு யாரும் போகாத மாதிரி.

கண்ணுக்கு அடுத்தது கை. நம் ஊரில் யார் ட்ரோனை வீழ்த்தலாம்? தன் தளத்தின் மேல் வருவதை ராணுவம் தடுக்கலாம் என்பதில் அமெரிக்கா அளவுக்குக் குழப்பம் இல்லை. கடற்படையின் 2021 அறிவிப்புகள் அதைப் பச்சையாகவே சொல்லின. கருவிகளும் வந்துகொண்டிருக்கின்றன. பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓ உருவாக்கிய ட்ரோன் எதிர்ப்பு அமைப்புக்கு அதே ஆண்டு ஆகஸ்ட் 31 அன்று கடற்படை, பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது. முதலில் ரேடியோ இணைப்பையும் ஜிபிஎஸ்ஸையும் குழப்பிப் பார்க்கும், முடியாவிட்டால் லேசரால் சுடும். ஆனால் தனியார் யாரும், தன் தொழிற்சாலைக்கு மேலே ட்ரோன் சுற்றுகிறது என்று ஜாமர் வாங்கி வைத்துக்கொள்ள முடியாது. மத்திய அரசின் அனுமதி இல்லாமல் ஜாமர் வைத்திருப்பதே சட்டவிரோதம். கவண் எடுத்து அடிப்பது பற்றி விதிகளில் ஒன்றும் இல்லை. அடித்துப் பார்க்கச் சொல்லி நான் சொல்லவில்லை.

மனிதர்களை நம்புவதைவிட ட்ரோனையே அடக்கிவிடலாம் என்று ஒரு யோசனை நீண்ட நாளாக இருக்கிறது. அனுமதி இல்லாவிட்டால் மோட்டாரே சுழலாத மாதிரி மென்பொருளில் பூட்டு. 2018 விதிகளின் பெருமையே அதுதான். 2021-இல் அதை, பிறகு அறிவிப்போம், அறிவித்தபின் ஆறு மாத அவகாசம் தருவோம் என்று தள்ளிவைத்தார்கள். சந்தையில் பெரிய கையான சீன ட்ரோன் நிறுவனம் டிஜேஐ பல ஆண்டுகளாகத் தானாகவே தடைப் பகுதிகளில் ட்ரோனை எழும்பவிடாமல் வைத்திருந்தது. 2024-இல் ஐரோப்பாவிலும் 2025 ஜனவரியில் அமெரிக்காவிலும் அந்தப் பூட்டை எடுத்துவிட்டு, எச்சரிக்கை மட்டும் காட்டினால் போதும் என்று முடிவெடுத்தது. பொறுப்பு ஓட்டுபவருடையது என்பது அவர்கள் நிலை. பழைய பூட்டை நம்பியே பறக்கவிட்டுப் பழகியவர்களுக்கு இது தெரியாது. "எழும்பியது, அப்படியானால் அனுமதி உண்டு" என்று நினைப்பார்கள்.

இதற்கெல்லாம் மேலே ஒரு சின்ன முரண். இங்கே பறக்காதே என்று சொல்ல வேண்டுமானால், இங்கே ஒன்று இருக்கிறது என்று சொல்லியாக வேண்டும். சிவப்பு வரைபடம் பொதுவில் இருக்கிறது. எல்லாருக்கும் தெரிந்தால்தானே எல்லாரும் விலகுவார்கள். அதில் புதிதாக எந்த ரகசியமும் வெளியாவதில்லை என்பது வேறு விஷயம். நீலகிரி மலை ரயிலில் போகிறவர்களுக்கு அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையும் வெலிங்டன் ராணுவக் குடியிருப்பும் ஸ்டேஷன் பெயர்களாகவே தெரியும். திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் நீர்மூழ்கிகளோடு பேசுவதற்காகக் கடற்படை நிறுத்தியிருக்கும் கோபுரங்களை மறைக்க எந்தச் சட்டத்தாலும் முடியாது. அரக்கோணத்தில் கடற்படையின் பி-8ஐ கண்காணிப்பு விமானம் தலைக்கு மேலே போனால் குழந்தைகள் கை காட்டுவார்கள். சிவப்புக் கோடு மறைப்பது தளத்தையல்ல. உள்ளே நடக்கும் அன்றாடத்தை மட்டும்தான்.

நிரந்தரச் சிவப்பு போதாதென்று தற்காலிகச் சிவப்பும் உண்டு. எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி ஒருவர் மூலம் மாநில அரசோ காவல்துறையோ ஓர் இடத்தை 96 மணி நேரம்வரை சிவப்பாக்கலாம். பிரதமர் வருகை, குடியரசு தினம் என்றால் இதைப் பார்க்கலாம். நடைமுறையில் 96 மணி நேரம் போதவில்லை என்றால் காவல்துறை பழைய 144 தடை உத்தரவை, அதாவது இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸின் 163-ஐ எடுக்கிறது. டெல்லியில் குடியரசு தினத்தையொட்டி வாரக்கணக்கில் ட்ரோன், பாராகிளைடர், வெப்பக்காற்று பலூன் எல்லாவற்றுக்கும் தடை வருவது இந்த வழியில்தான். மீறினால் புதிய தண்டனைச் சட்டமான பிஎன்எஸ்ஸின் 223; விளைவைப் பொறுத்து ஆறு மாதம்வரையோ ஓராண்டுவரையோ சிறை கிடைக்கலாம். ஆக, ட்ரோன் விதியில் அபராதத்தோடு முடிய வேண்டியது இந்த வாசல் வழியாகச் சிறைக்கும் போகலாம்.

2025 மே மாதம் இந்தக் கணக்குகளைக் கொஞ்சம் சிறிதாக்கிவிட்டது. மே 8 இரவு பாகிஸ்தான் 36 இடங்களில் 300 முதல் 400 ட்ரோன்வரை அனுப்பியதாக இந்தியா சொன்னது. அடுத்த மாதம் முதல் தேதி, ரஷ்யாவுக்குள் லாரிகளில் ஒளித்துக் கொண்டுபோன 117 ட்ரோன்களால் அந்நாட்டின் குண்டுவீச்சு விமானத் தளங்களைத் தாக்கியதாக உக்ரைன் அறிவித்தது. லாரி தளத்துக்குப் பக்கத்துச் சாலையில் நிற்கும்போது 3 கிலோமீட்டர் வட்டம் எத்தனை வினாடி அவகாசம் தரும்? அதன்பிறகு, செப்டம்பரில் மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகம் ட்ரோன்களுக்கென்றே தனிச் சட்டத்துக்கான வரைவு மசோதாவை வெளியிட்டது. அதில் சிறைத்தண்டனை மறுபடி எட்டிப்பார்த்தது. ட்ரோன் தொழிலில் இருப்பவர்கள் 2021-க்கு முந்தைய நாள்கள் திரும்புகின்றன என்று முணுமுணுத்தார்கள். ஜம்முவுக்குப் பிறகு தளர்த்திய கை, இந்த முறை இறுக்கப் பார்க்கிறது.

என்னைக் கேட்டால் அந்த மசோதாவில் தேட வேண்டியது தண்டனையின் நீளத்தை அல்ல. தெரியாமல் கோட்டைத் தாண்டியவனை எங்கே நிறுத்துவது என்று தெளிவாக ஒரு வரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். படத்தை அழித்துவிட்டு, அபராதம் கட்டிவிட்டு, வீட்டுக்குப் போகலாம் என்ற வரி. அது இல்லாதவரை ரகசியச் சட்டத்தின் வாசல் திறந்தே இருக்கும்.

சூலூர் மண்டபத்துப் பையன் செய்ய வேண்டியதோ ரொம்பக் கொஞ்சம்தான். அட்வான்ஸ் வாங்கும் அன்றைக்கே மண்டபத்தின் பெயரை டிஜிசிஏ வரைபடத்தில் போட்டுப் பார்ப்பது. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மாவட்டக் காவல்துறை ஏதாவது அறிவித்திருக்கிறதா என்று பார்ப்பது. சிவப்பு என்றால் பெண் வீட்டாரிடம் அப்போதே சொல்லிவிடலாம். எதிர் வீட்டு மாடியில் அனுமதி கேட்டு, ஸ்டாண்டில் கேமராவை நிறுத்தினால் வாழைமர வாசலும் வரும், கார்களும் வரும். தென்னந்தோப்புக்கு அந்தப் பக்கம் மட்டும் தெரியாது.